குப்பத்தில் வரி கட்டிய வீடு

சங்குக்குப்பத்துக்காரர்கள் காவேரியைத் தேர்தலில் நிறுத்தியதற்கு ஒரே காரணம், அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதுதான்.

தொண்ணூற்றாறில் மாநகராட்சிக்குத் தேர்தல் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரையும் பார்க்காத ஊர். பட்டினப்பாக்கத்தை ஒட்டிய அந்த வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். குப்பத்து ஓட்டு மொத்தமாக விழும், நிற்க ஒரு பெண் மட்டும் வேண்டும். ஆனால் எவள் பேரைச் சொன்னாலும், அவள் புருஷன் யாருடைய பங்காளி, யாரோடு வலைத் தகராறு என்று பேச்சு அங்கே போய் முட்டிக்கொண்டது. கடைசியில் ஊர்த் தலைவர் அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"காவேரிய நிறுத்துங்கடா. அண்ணன் தம்பியும் இல்ல, புருஷனும் இல்ல. எந்தப் பக்கத்து ஆளுன்னு எவனும் கேக்க மாட்டான்."

புருஷன் இருந்தான். கனகராஜ் என்று பேர். விசாகப்பட்டினத்துக்கு விசைப்படகு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். முதலில் பணம் வந்தது. அப்புறம் போகிறவர் வருகிறவரிடம் ஒரு விசாரிப்பு வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. குழந்தை இல்லை. காவேரி அழுது புலம்பாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்தாள். சங்கரா, நெத்திலி, வவ்வால் என்று மீன் விற்று, சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து, கீற்றுக் குடிசையைப் பிரித்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்தாள். மேலே கல்நார் ஓடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. குப்பத்தில் தனி ஆளாக வீடு கட்டிய பெண் அவள் ஒருத்திதான். அதனால் கொஞ்சம் மரியாதையும் உண்டு, கொஞ்சம் விலகலும் உண்டு. கல்யாணம், வளைகாப்பு என்றால் கூப்பிடுவார்கள், ஆனால் ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுக்க மாட்டார்கள்.

அவளோடு நெருங்கிப் பழகியது பச்சையம்மா மட்டும்தான். இருவருக்கும் ரோட்டோரத்தில் அடுத்தடுத்த இடம். வெயிலுக்கு ஒரே குடை. பதினோரு மணி டீயை ஒரு கிளாஸில் வாங்கி இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். தேர்தலில் காவேரி ஜெயித்ததும் பச்சையம்மா சொன்னாள், "இனிமே ஒனக்கு முழு டீடி. கவுன்சிலராச்சே."

"போக்கா. நீ வேற."

"நெசமாத்தான் சொல்றேன். அங்க போயி நம்ம பொம்பளைங்க கஷ்டத்தச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அந்தக் கஷ்டம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. குப்பத்துக்கென்று கட்டிய ஒரே கழிப்பிடத்தில் கதவு இல்லை, தண்ணீர் இல்லை. பெண்கள் விடிவதற்குள் படகுகளுக்குப் பின்னால் மணலுக்குப் போய்வர வேண்டும். அதைத் தவறவிட்டால் பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். போகிற வழியில் விளக்குக் கிடையாது. வயசுப் பெண்களை வைத்திருக்கிறவர்கள் அவர்களைத் தனியே விடாமல் கூடவே போவார்கள்.

மாநகராட்சி கூடுகிற ரிப்பன் மாளிகைக்குப் போன முதல் நாளில் காவேரிக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. மற்றப் பெண் கவுன்சிலர்கள் பலருடன் புருஷன்மார் வந்திருந்தார்கள். அவர்கள்தான் அதிகாரிகளிடம் பேசினார்கள், காகிதங்களை வாங்கிப் படித்தார்கள். "உங்க வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். "இல்லீங்க" என்றாள் காவேரி. கூட்டம் முடிந்து கும்பல் கும்பலாக வேனிலும் காரிலும் ஏறிப் போனபோது அவள் சென்ட்ரல் வரை நடந்து பஸ் பிடித்தாள்.

இரண்டு மூன்று கூட்டம் பேசாமல் இருந்துவிட்டு, பின்னொரு கூட்டத்தில் எழுந்தாள். வீட்டுச் சுவரைப் பார்த்துப் பல தடவை சொல்லிப் பழகியதுதான். கழிப்பிடம், தண்ணீர், பாதைக்கு விளக்கு. தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

தியாகராய நகர்ப் பக்கத்து உறுப்பினர் ராகவேந்திரன் எழுந்தார். ஓய்வு பெற்ற கணக்குத் தணிக்கைக்காரர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாத மனிதர்.

"உறுப்பினர் கேட்பது நியாயம். ஆனால் அந்தப் பகுதியிலிருந்து மாநகராட்சிக்குச் சொத்து வரி எவ்வளவு வருகிறது என்பதையும் சபை தெரிந்துகொள்ள வேண்டும்."

வருவாய்ப் பிரிவு அதிகாரி ஒருவர் காகிதத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "மதிப்பீடு செய்யப்பட்ட கட்டடம் எதுவும் அங்கே இல்லை."

யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை. நிகழ்ச்சி நிரலில் இருந்த அடுத்த பொருளை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். காவேரி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லிப் பக்கத்து இருக்கைக்காரி முந்தானையை இழுத்தாள்.

பிற்பகல் கான்டீனில் ராகவேந்திரனே அவளைத் தேடி வந்தார்.

"நீ தப்பா எடுத்துக்காதேம்மா. உன்னைச் சொல்லலை. எங்க வார்டுல வரி கட்டறவா என்னை நிம்மதியா நடக்க விடறதில்லை. அரையாண்டு தவறாம கட்டறோம், தெருவுல குழி அப்படியே இருக்கு, எங்க பணம் எங்க போறதுன்னு கேக்கறா. அவாளுக்காக நான் இங்க கேக்கணுமோல்லியோ?"

"வரி போட்டா கட்ட மாட்டோம்னு நாங்க எப்ப சார் சொன்னோம்? எங்கள யாரு கேட்டா?"

அவர் காபியை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். யாரும் கேக்கலை."

"நானே கேட்டா?"

"எழுதிக் குடுத்தா மண்டல ஆபீஸ்லேர்ந்து அளக்க வருவா. வீடு உன் பேர்ல இருக்கா?"

"நா கட்டுன வூடு சார். வேற யாரு பேர்ல இருக்கும்?"

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வரி கட்டாதவள் கை நீட்டுகிறாள் என்றுதானே சிரித்தார்கள். ஒரே ஒரு வீட்டுக்காவது வரி விழுந்துவிட்டால் அந்தச் சிரிப்பு எழும்பாது என்று பட்டது. யாரிடமாவது கலந்து பேசியிருக்கலாம். பச்சையம்மா அப்போது மகளின் பிரசவத்துக்கு நொச்சிக்குப்பத்துக்குப் போயிருந்தாள். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? ராத்திரி சோறு போட்டுக்கொண்டு பேசுவதற்கு எதிரே ஒரு முகம் இருக்கிற வீடுகளில்தான் இப்படிப்பட்ட விஷயங்கள் இரண்டு பேர் வாயில் அரைபட்டுப் பக்குவமாகும். காவேரி தானே யோசித்து, தானே முடிவு செய்து, மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மதிப்பீட்டாளர் நல்லசிவம் வெயில் ஏறியபின் வந்தார். ஒல்லியான, களைத்த மனிதர். "வரி போடுங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்ததா அம்மா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். துணைக்கு வர வேண்டிய ஆள் அன்று வரவில்லை. டேப்பின் மறுமுனையைக் காவேரியே பிடித்தாள். அவர் வாசலில் நிற்க, அவள் சுவரோரம் போய் நின்றாள். அப்புறம் பக்கவாட்டுச் சுவர். அப்புறம் உள்ளே. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குப்பத்தில் டேப்பு என்றால் வேறு அர்த்தம். சில வருஷங்களுக்கு முன் கடலோரத்தின் வேறொரு பகுதிக்குச் சிலர் டேப்போடு வந்தார்கள். சிரித்த முகமாக அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் வந்தது இடிக்கிற வண்டி. அங்கிருந்து பிள்ளை குட்டியோடு வந்தவர்கள் இங்கேயே சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டியிருந்தார்கள். அந்த ஜனத்தின் கண் முன்னால், ஊர் நிறுத்தி ஊர் ஜெயிக்க வைத்த கவுன்சிலர், தன் கையாலேயே டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் ஊர் கூடியது. அங்கமுத்து அவளை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னாத்துக்கு அளந்தான்?"

"வரிக்கு மாமா. அங்க வரி கட்டாதவங்கன்னு சிரிக்கிறாங்க. ஒரு வூடாவது கட்டுனா நாளைக்கி நா வாயத் தொறந்து கேக்கலாம்."

"ஒரு வூட்ட அளந்தவன் நாளைக்கி ஊர அளப்பான். அளந்தா இன்னா நடக்கும்னு தெரியாத மாதிரி பேசறியே."

"வரி கட்டுன ரசீது இருந்தா இந்த வூடு நம்மளுதுன்னு சொல்ல ஒரு ஆதாரமாச்சும் இருக்கும். அத்த யோசிங்க."

"யாரக் கேட்டு செஞ்ச?"

"கேக்காம செஞ்சது தப்புதான் மாமா" என்றாள்.

"அப்ப எழுதிக் குடுத்தத திருப்பி வாங்கிட்டு, ஊருக்கு அபராதம் கட்டிட்டு, விழுந்து கும்பிடு. முடிஞ்சு போச்சி."

"கேக்காததுக்கு அபராதம் கட்டறேன். திருப்பி வாங்க மாட்டேன். வரி கட்டறது இன்னா திருட்டா?"

அங்கமுத்து கெட்டவர் அல்ல. இரண்டு தரம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கூட்டத்தில் இருந்து சத்தம் கிளம்பியபின் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காவேரியோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, கரை ஏலத்தில் அவளுக்கு மீன் விடக் கூடாது, மீறுகிறவர்களுக்கு அபராதம் என்று ஊர் கட்டுப்பாடு போட்டது.

முதல் நாள் அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஏலத்துக்குப் போய் விலை கேட்டாள். ஏலம் விடுகிறவன் காதில் விழாததுபோல அடுத்த விலைக்குப் போனான். கூட்டிக் கேட்டாள். மறுபடியும் அப்படியே. கடைசியில் சந்தையே கலைந்து, ஈர மணலில் செதில் மட்டும் கிடந்தபோது, காலிக் கூடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். ரோட்டோரத்தில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குத் திரும்பிய பச்சையம்மா அந்தப் பக்கம் வரவில்லை. குழாயடியில் ஒருநாள் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். "பேரனா பேத்தியாக்கா?" என்று காவேரி கேட்டாள். பச்சையம்மாவின் உதடு அசைந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். குடம் நிரம்புவதற்கு முன்பே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பேத்தி என்பதை வேறு யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுக் காவேரி தெரிந்துகொண்டாள்.

பிழைக்க வேண்டுமே. விடிகாலை முதல் பஸ்ஸில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து, மந்தைவெளி, அடையாறு என்று தெருத் தெருவாகத் தலையில் சுமந்து விற்றாள். அவள் வார்டிலேயே சேர்ந்த மந்தைவெளித் தெரு ஒன்றில் வஜீஹா என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர், அவள் வாடிக்கை ஆனாள். ஒரு நாள் காவேரி மீனை எடைபோடும்போது டீச்சர் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீங்க எங்க கவுன்சிலர் இல்ல? போஸ்டர்ல பாத்தேனே."

"ஆமாம்மா."

"கவுன்சிலரா இருந்துக்கிட்டு மீன் விக்கிறீங்க?"

"கவுன்சிலருக்குச் சம்பளம் ஏதும்மா? கூட்டத்துக்குப் போனா பஸ்ஸு செலவுக்கு ஆவும், அவ்வளோதான்."

டீச்சர் உள்ளே போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டி பற்றி ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தாள். காவேரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள். அடுத்த வாரம் தொட்டி வந்தது. டீச்சர் வீட்டில் டம்ளரில் மோர் கொடுத்தார்கள். அன்று முழுக்க அவளோடு விலையைத் தவிர வேறு பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான். ஆனாலும் அது வாசலோடு நிற்கிற பேச்சு. உள்ளே ரேடியோவில் செய்தி ஆரம்பித்ததும் டீச்சர் போய்விடுவாள்.

வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லாததால் சாமான்களைச் சத்தமாக வைத்தாள். பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் என்று தெரிந்து, கசாயம் வைத்துக்கொண்டு போகக் கதவு வரை வந்தாள். தன்னால் அவர்களுக்கு அபராதம் விழும் என்று நினைத்து நின்றுவிட்டாள். ஆறிப்போன கசாயத்தைத் தானே குடித்தாள்.

வரி விழுந்தது. மண்டல ஆபீஸில் வரிசையில் நின்று முதல் அரையாண்டுக்குக் கட்டினாள். பெரிய தொகை இல்லை. நல்ல நெத்திலி கிடைத்தால் சில நாள் லாபம். கவுன்டரில் இருந்தவர் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு "அடுத்தவங்க" என்றார். அவள் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று அதில் தன் பேரைப் படித்தாள். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் பட்ஜெட் கூட்டம். இந்தத் தடவை பேச வேண்டியதை அவள் நன்றாகத் தயார் செய்திருந்தாள். எங்கள் குப்பத்திலும் வரி கட்டுகிற வீடு இருக்கிறது என்று ஆரம்பிக்க வேண்டும். யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம் என்று காத்திருந்தாள்.

பேச வாய்ப்பே வரவில்லை. பொருள்களைக் கொத்துக் கொத்தாக வாசித்து நிறைவேற்றிக்கொண்டு போனார்கள். அப்படி ஒரு கொத்தின் நடுவில், கடலோரக் குப்பங்களில் கழிப்பிடம், பாதை விளக்கு என்று ஒரு வரி வந்தது. சங்குக்குப்பத்தின் பேரும் இருந்தது. "ஏற்கப்பட்டது" என்றார்கள். மேஜை தட்டும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் ராகவேந்திரனைப் பிடித்தாள்.

"சார், எங்க கக்கூஸு வந்துடுச்சி."

"பாத்தேன்மா. ரொம்ப சந்தோஷம்."

"நா வரி கட்டுனதாலயா சார்?"

அவர் கையிலிருந்த பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"இல்லேம்மா. இது சொத்து வரியிலேர்ந்து வர்ற பணம் இல்லை. அரசாங்கத் திட்டத்துப் பணம். குப்பங்களுக்குன்னு முன்னாடியே ஒதுக்கினது. நீ கட்டியிருந்தாலும் வந்திருக்கும், கட்டலைன்னாலும் வந்திருக்கும்."

"அப்ப நா கட்டுனது?"

"அது பொதுவுல சேர்ந்துடும். தெரு பெருக்கற ஆளுக்குச் சம்பளம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு போகும். இன்னாரோட பணம் இன்னதுக்குன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. எங்க தெருக்காராளுக்கும் இதையேதான் சொல்றேன். அவாளுக்கும் புரியறதில்லை." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாக ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை, நீங்கள் சபையில் கேட்ட ஒரு கேள்விக்காக என்று. அவர் வருத்தப்படுவார். வருத்தப்பட்டுவிட்டு தி.நகருக்குப் போவார். அவள் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

கழிப்பிடம் கட்டி முடித்துத் திறந்தபோது அங்கமுத்துவுக்கு மாலை போட்டார்கள். காவேரிக்கும் ஒன்று போட்டார்கள், அதிகாரிகள் போட்டது. கல்வெட்டில் அவள் பேர் இருந்தது. விளக்கு எரிந்த முதல் சாயங்காலம் பெண்கள் கும்பலாகப் பேசிச் சிரித்துக்கொண்டு அந்தப் பாதையில் போனார்கள். காவேரி அவர்கள் எல்லோரும் திரும்பி வரும்வரை பொறுத்திருந்து, பிறகு போனாள். கதவைத் தாழ் போட்டாள். தாழ் நன்றாக விழுந்தது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டதால் வெளியே கேட்டிருக்காது.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எந்த வண்டியும் இடிக்க வரவில்லை. காவேரி மட்டும் அரையாண்டுக்கு ஒருதரம் போய் வரி கட்டிவிட்டு வந்தாள். இதற்கிடையில் குப்பத்தில் ஒருவன் தன் மகன் வீட்டுக்குக் கரண்டு மீட்டர் கேட்டுப் போன இடத்தில், குடியிருப்பதற்கு ஆதாரமாக வீட்டு வரி ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தப் பேச்சு வீடு வீடாகப் பரவியது.

முதலில் வந்தது பச்சையம்மா. பட்டப்பகலில், கையில் ஒரு தட்டில் அவித்த கிழங்கோடு, வாசலில் நின்றாள்.

"உள்ள வாக்கா."

"இல்ல, இங்கயே நிக்கறேன்." தட்டை நிலைப்படியில் வைத்தாள். "அந்த வரிக்கு எழுதிக் குடுத்தியே, அத எப்பிடிடி எழுதணும்?"

"ஊருல சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லிட்டு வாக்கா. கேக்காம செய்யாத."

பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நா அப்பவே வந்திருக்கணும்" என்றாள். காவேரிக்குப் பரவாயில்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது உண்மை இல்லை. "ஒம் பேத்தி நடக்கறாளா?" என்று கேட்டாள். "ஓடறா" என்றாள் பச்சையம்மா.

ஊர் கூடியது. வேண்டியவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் காவேரி பேரை யாரும் எடுக்கவில்லை. கட்டுப்பாட்டை நீக்கியதாகவும் யாரும் சொல்லவில்லை. அங்கமுத்து மட்டும் ஒருநாள் அவள் வாசலைத் தாண்டும்போது நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, "காலைல ஏலத்துக்கு வாம்மா. அவ்ளோ தூரம் இன்னாத்துக்குப் போற?" என்றார்.

மறுநாள் போனாள். விலை கேட்டாள். அவள் விலைக்கே ஒரு கூடை சங்கரா விட்டார்கள். யாரோ நகர்ந்து வழி கொடுத்தார்கள். யாரோ "தூக்கி வுடட்டுமா யக்கா?" என்று கேட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அவள் வந்ததும் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது, அவள் போனபின் தொடர்ந்தது.

அதற்கடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவள் காசிமேட்டுக்கே போனாள். அங்கே ஆயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவருக்கும் அவளைத் தெரியாது. தெரியாதவர்கள் பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. கூடை நிறைந்ததும் தெற்கே போகிற பஸ்ஸில் பின்சீட்டு ஓரத்தில் உட்கார்ந்து, அந்த வாரக் கூட்டத்தில் மந்தைவெளிச் சாக்கடை பற்றிக் கேட்க வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.